தண்ணீர் போன இடம்

டோலோன் கணவாய் ஏறும்போது முள் சிவப்பைத் தொட்டது.
ஓரங்கட்டினேன்.
முப்பது வயது ஆடி, ஜெர்மனியில் யாரோ ஓட்டிக் கழித்தது,
பனியில் நின்று இரைத்தது
வயிறு உப்பிய பசுவைப் போல.

ஹெட் கேஸ்கட் என்றார்கள் எல்லாரும்.
பெட்ரோல் போடுகிற பையன் சொன்னான்.
சாலையோரம் குருத் விற்பவளும் சொன்னாள்,
அவள் மச்சானின் வண்டி அப்படித்தான் செத்ததாம்.
கெட்ட சேதி சொல்ல
எத்தனை வைத்தியர்கள் இந்த ஊரில்.

நானும் வைத்தியர்தான், ஆடு மாடு குதிரைகளுக்கு.
எங்கே வலிக்கிறதென்று சொல்லத் தெரியாதவற்றிடம்
இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுப் பழகியவள்.
ஆனாலும் சொந்தத் தொழுவத்து நோய் என்றால்
கை நேரே
மோசமானதைத்தான் தொடுகிறது.

கோச்கோரில் தொக்தோசுன் பட்டறை.
எண்ணெய் மூடியைத் திருகினான்.
உள்ளே சீம்பால் போல ஒரு பிசுக்கு.
முடிந்ததா என்றேன்.
'பக்கத்துப் பக்கத்துக் கிடைக்கு ஓட்டுகிறாய்,
சூடாவதற்குள் அணைக்கிறாய்.
இந்தக் குளிரில் எந்த மூடியும் வியர்க்கும்.'
அளவுகோலை உருவிக் காட்டினான்:
கறுப்பு. பால் கலக்காத கறுப்பு.

வெள்ளைப் புகை வருகிறதே?
'மைனஸ் பதினெட்டில்
நீ வாயைத் திறந்தாலும் வெள்ளைதான்.'

ஐந்து பிளக்குகளையும் கழற்றித் துணியில் அடுக்கினான்.
ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியைத் திருகி
சாவியைத் திருப்பு என்றான்.
பதினொன்று. பதினொன்று. பத்தரை.
பதினொன்று.
பத்தரைக்குக் கொஞ்சம் மேலே.
'கிழவிக்குப் பல் இன்னும் கெட்டி.'

பிளக்குகளைத் திரும்ப மாட்டி, இஞ்சினை ஓடவிட்டு,
தண்ணீர்த் தொட்டியின் வாயில் ஒரு கண்ணாடிக் குழலை வைத்தான்.
உள்ளே நீலத் திரவம்.
எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிந்திருந்தால்
நீலம் மஞ்சளாகும்.
ரப்பர்க் குமிழை அமுக்கினான், அமுக்கினான்.
மஞ்சளானால் விற்றுவிடலாம்.
மஞ்சளானால் யார் மேலும் தப்பில்லை, வயது அப்படி.
ஆகித் தொலையட்டும் என்றுகூட
ஒரு கணம் நினைத்தேன்.

நீலம் நீலமாகவே நின்றது.

அப்படியானால் தண்ணீர்?
வாரம் இரண்டு லிட்டர் ஊற்றுகிறேன்,
தரையில் ஒரு சொட்டு கிடையாது.

பதில் சொல்லாமல் பக்கத்து இருக்கைப் பக்கம் போனான்.
மண்டியிட்டான். மிதியடியைத் தூக்கி
அடியிலிருந்த கம்பளத்தைப் பிழிந்தான்.
பச்சையாக ஒழுகியது.
விரலை என் மூக்கருகே நீட்டினான்.
இனித்தது வாசனை.

ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர்,
டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒளிந்தபடி
குளிர்காலம் முழுக்கக் கசிந்திருக்கிறது.
உள்கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் படர்ந்த பிசுபிசுப்பு
அதன் மூச்சு.

குளிர்காலம் முழுக்க அந்த இருக்கையில் இசாபெக்,
என் உதவியாளன்.
பூட்ஸை உதறாமல் ஏறுகிறாய் என்றேன்.
பனியைக் கொண்டுவந்து என் வண்டியில் கரைக்கிறாய் என்றேன்.
பழரசத்தைக் கொட்டிவிட்டு வாய் திறக்கவில்லை என்றேன்.
ஒருநாள் கணவாய் உச்சியில் நிறுத்தி
இறங்கி உதறச் சொன்னேன்.
இறங்கினான். உதறினான்.
ஒன்றும் விழவில்லை.
அதையும் பார்த்தேன்.

பிப்ரவரியில் சுரங்க வேலைக்குப் போய்விட்டான்.
சம்பளம் அதிகம் என்றான்.

தொக்தோசுன் இரண்டு குழாய்களைப் பிடுங்கி
ஒன்றோடொன்று சேர்த்துக் கவ்வியை முறுக்கினான்.
'இனி ஹீட்டர் கிடையாது. இஞ்சின் பிழைக்கும்.
ஏப்ரல் வரை போர்த்திக்கொண்டு ஓட்டு.'

போர்த்திக்கொண்டு ஓட்டினேன்.
முள் நடுவில் அசையாமல் நின்றது.
பக்கத்தில், கம்பளம் உரித்த வெறுந்தகரம்.
அவன் எண் போனில் இருக்கிறது.
கணவாயில் சிக்னல் இல்லை,
அதுவரை நல்லதாகப் போயிற்று.

இறக்கத்தில், மூன்றாவது வளைவில்,
சிக்னல் வந்தது.