பதினோரு தகடு

கடைசித் தேர்வும் முடிந்தது.
ஏழுக்கு ஐந்து புள்ளி இரண்டு.
சிலேயில் ஏழுதான் உச்சம், அதை யாரும் வாங்குவதில்லை
என்று வகுப்பே ஆறுதல் சொன்னது,
ஏழு வாங்கிய ஃப்ளோரென்சியோ உட்பட.

ஆகஸ்டில் நான் வந்து இறங்கியபோது
வால்டிவியாவில் மழை தன்பாட்டுக்குப் பெய்துகொண்டிருந்தது.
எனக்காகத் தொடங்கவுமில்லை, நிற்கவுமில்லை.
எடெல்மிரா கதவைத் திறந்து
முதலில் என் செருப்பைப் பார்த்தார்,
பிறகு முகத்தை.
"இங்கே இது தாங்காது" என்றார்.
எதைச் சொன்னார் என்று அன்றைக்கு விளங்கவில்லை.

குளிர்சாதனப் பெட்டியில் இரண்டாம் தட்டு எனக்கு.
மாஸ்கிங் டேப்பில் என் பெயரை
'இலா' என்று சுருக்கி ஒட்டியிருந்தார்.
மீதிக்கு டேப் போதாதாம்.
பால், தயிர், பாதி வெங்காயம்,
எங்கோ தேடிப் பிடித்த பச்சை மிளகாய்.
அதை ஒருமுறை கடித்துவிட்டு
இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பேருந்து நிலையத்தில் வேலை அவருக்கு,
மூன்றாம் எண் கவுண்ட்டர். விடியுமுன் போய்விடுவார்.
நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் பெரும்பாலும்
சமையலறை மேசையில், துண்டுச் சீட்டில்:
விறகு ஈரம். மேலே இருப்பதை எடு.
வெந்நீருக்குத் தீக்குச்சி இரண்டு வேண்டும், பொறுமை ஒன்று.
ராத்திரி நிலம் ஆடியது. நீ எழவில்லை. நல்லது.
என் பதில்களின் வினைச்சொற்களைச்
சிவப்பு மையில் திருத்தி
அங்கேயே விட்டுப் போவார்.

ஆற்றுச் சதுப்பில் கறுப்புக் கழுத்து அன்னங்களை
எண்ணுவதுதான் என் படிப்பு.
"இன்றைக்கு எத்தனை?"
முந்நூற்றுப் பன்னிரண்டு.
"நேற்று முந்நூற்று இருபது. எட்டு எங்கே?"
கணக்கில் கறாரான ஆள்.

நேற்று டேப்பை உரித்தேன்.
அடியில் இன்னொன்று: மீர்யம்.
அதற்கும் அடியில்: ஒத்மார்.
அதற்கும் அடியில் வெறும் பசை.
சுருக்கென்றது. மறைப்பானேன்.
எடெல்மிரா பார்த்துவிட்டார்.
அடுப்பை அணைத்து, "வா" என்று
கொல்லைக்குக் கூட்டிப்போனார்.

கூரையில் துத்தநாகத் தகடுகள்,
துருப்பிடித்தவை பாதி, மின்னுபவை பாதி.
துடைப்பக்கட்டையை நீட்டிச் சொன்னார்:
"அந்த மூலை மீர்யம். எட்டுத் தகடு.
ஜன்னலுக்கு மேலே ஒத்மார்.
பாதியில் ஊருக்கு ஓடிவிட்டான், ஆறுதான்.
புகைபோக்கியிலிருந்து இந்த ஓரம் வரை நீ.
உனக்கென்று பல்கலைக்கழகம் மாதாமாதம் தந்த பணம்.
பதினோரு தகடு."
மார்ச்சில் பின்லாந்துக்காரன் ஒருவன் வருகிறான்,
அவன் வடக்குப் பக்கம்.
"அதற்குள் மழை வந்தால்?"
"வாளி இருக்கிறது."

பதினொன்றையும் எண்ணிப் பார்த்தேன்.
அன்னங்களைப் போல இடம் மாறவில்லை.
ஐந்து மாதத்தில் முதல்முறையாக
இரண்டு தரம் எண்ணியும் ஒரே விடை.

இன்று காலை மூன்றாம் எண் கவுண்ட்டர்.
முன்னால் இரண்டு பேர். வரிசையில் நின்றேன்.
சீருடையில் அவரைப் பார்த்ததே இல்லை.
"எங்கே?"
"சாந்தியாகோ."
"போகவா, போய் வரவா?"

எங்கள் வாசல்களில் அதற்கு ஒரே பதில்தான்.
வாய்வரை வந்துவிட்டது.
"போய் வர என்றால் அறுபது நாளுக்குத்தான் செல்லும்,"
திரையைப் பார்த்தபடியே சொன்னார்.
போக மட்டும் எடுத்தேன்.

பாஸ்போர்ட் கேட்டார். விதி.
இளம்பிறை வேலாயுதம்,
முழுதும் தட்டினார், ஓர் எழுத்து விடாமல்.
இருக்கை இருபத்து மூன்று, இடப்பக்க ஜன்னல்.
"பாலத்தில் ஏறும்போது பார்.
நாலு எண்ணும் நேரம் கூரை தெரியும்."
சில்லறையைத் தள்ளிவிட்டு,
"அடுத்தவர்!"

பாலம் வந்தது.
ஒன்று என்றேன், இரண்டு என்றேன்.
எதிரே பைன் கட்டைகள் ஏற்றிய லாரிகள்,
ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்றாக,
நான்கு வரைக்கும்,
ஒன்பது வரைக்கும்.