வால் உள்ள எழுத்துகள்

கந்தன்சாவடி சிக்னல் தாண்டி
இடப்பக்கம் மூன்றாவது ஷட்டர் என்னுடையது.
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம்.
வெள்ளிக்கிழமை இரவு எட்டரைக்கு
பென் டிரைவோடு வருவார் பொக்னா மேடம்.
மறுநாள் காலை அவர் வீட்டு ஹாலில் போலிஷ் வகுப்பு.
ஏழு பிள்ளைகள். ஏழு காப்பி.

முதல் தடவை என் கம்ப்யூட்டர்
அந்த எழுத்துகளைக் கண்டு மிரண்டது.
வார்த்தைக்கு இரண்டு கட்டம், வெறுங்கட்டம்,
பல் விழுந்த வாய் மாதிரி.
இதன் குறுக்கே ஒரு கோடு, இதன் தலையில் புள்ளி,
இதற்குக் கீழே வால் என்று
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில் வரைந்து காட்டினார்,
பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், மீதி கைஜாடை.
ஃபாண்ட் தேடி இறக்க ஒன்றரை மணி நேரம்.
நடுவில் கரண்ட் வேறு போய் வந்தது.

மகள் யாகோதாவுக்கு ஆறு வயது.
அம்மாவை மாமா என்பாள், அப்பாவைத் தாத்தா.
லிஃப்டில் யாராவது சிரித்தால்
"எங்கூர்ல அப்டித்தான்" என்பாள்,
அந்த ஊரை இரண்டே முறை பார்த்தவள்.
அவள் தெருவில் இறங்கி ஓடினால்
மேடம் கத்துவது மட்டும் "யாகோதோ!"
அது வேறு பிள்ளை என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.
கூப்பிடும்போது பெயரின் நுனி மாறுமாம்.
ஒன்பதாம் வகுப்பில் நான் கோட்டைவிட்ட
எட்டாம் வேற்றுமை
அங்கேயும் போய் உட்கார்ந்திருக்கிறது.

கை படம் போட்ட தாளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.
விரல் வைத்துப் படித்தாள்: ரெங்கா.
"என் பேரை யார் சொன்னது?"
அவர்கள் மொழியில் கைக்கு அதுதான் பெயர்.
அன்றிலிருந்து மேடத்துக்கு நான் ரெங்கோ.

எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு.
எழுத்தில் அதை நான் பார்ப்பது
திருப்பதி பஸ்ஸின் நெற்றியில்தான்.
பார்ப்பது, படிப்பதில்லை.
என் பையனுக்கென்று ஒரு தாள்
இந்த மிஷினிலிருந்து இதுவரை வந்ததில்லை.

ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் ஒப்பந்தம் முடிந்து
இரண்டு குடும்பம் கிளம்பியது. நான்கு காப்பி.
ஒரு பையனுக்குச் சனிக்கிழமை கிரிக்கெட் கோச்சிங்.
இரட்டைப் பெண்கள் பெங்களூர் போனார்கள்.
நேற்று வந்து,
"ஒன்னு போதும், ரெங்கோ."

தாள் சூடாக வெளியே வந்தது.
அதே கை, அதே ஐந்து விரல்.
புது லேப்டாப்பில் அடித்தாராம்,
இரண்டாம் எழுத்துக்கு வால் இல்லை.
வால் இல்லாமல் படித்தால் ரேகா.
அது எதிர்க்கடை பியூட்டி பார்லர்.

மேடம் கைப்பையில் சில்லறை துழாவிக்கொண்டிருந்தார்.
காதில் செருகிய பேனாவை எடுத்து
நானே போட்டுவிட்டேன்,
கொஞ்சம் நீளமாகவே.