உள்ளது உள்ளபடி

ஒப்பந்தத்தின் நாலாம் பத்தியில்
ஓர் ஆப்பிரிக்கான்ஸ் சொல்: ஃபூட்ஸ்டோட்ஸ்.
காலால் தள்ளிவிட்டபடி என்று அர்த்தமாம்.
உள்ளது உள்ளபடி வாங்கிக்கொள்,
பிறகு வந்து அழாதே.

டர்பனில், உம்பிலோ சரிவில் வீடு.
சிவப்பு மண், தகரக் கூரை,
துறைமுகத்துப் பாரந்தூக்கிகள் தெரிகிற
சமையலறை ஜன்னல்.
யோகனுக்கு ஜன்னலே போதும்.
எனக்குப் போதாது.

கோனசீலன் படையாச்சியை வரவழைத்தேன்.
டார்ச், திருப்புளி, ஒரு கோலிக்குண்டு.
கோலியைக் கூடத்தில் வைத்தார்.
அது நடைவழியைக் கடந்து
யாரோ கூப்பிட்டதுபோல்
தெற்கு அறைக்குள் போய் நின்றது.
'ம்' என்றார்.
அந்த ஒரு 'ம்'முக்கு ஆயிரத்து எண்ணூறு ராண்ட்.

கூரைக்குள் ஏறி உத்தரங்களைக் குத்திப் பார்த்தார்.
வண்டுச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது,
வண்டுகளுக்கு அது தெரியாது என்றார்.
தலைமுடியில் மரத்தூளோடு இறங்கி வந்து
தெற்கு அறை அலமாரியைக் காட்டினார்:
'இதை நகர்த்தலாமா?'

கதவோரம் நின்ற டால்டன் கிழவர்
வேண்டாம் என்று சொல்லவில்லை.
டை இல்லாத கழுத்தில்
டையைச் சரிசெய்தார்.

ஜன்னல் மூலையில் தொடங்கி
செங்கல் செங்கலாகப் படியிறங்கும் விரிசல்.
ஐந்து ராண்ட் நாணயம் நுழைந்தது,
நின்றது, விழவில்லை.
பக்கத்தில் பென்சில் கோடுகள், தேதியோடு.
ஆகஸ்ட் 1987. மார்ச் 1994.
நவம்பர் 2008.
ஏப்ரல் 2022 மட்டும் ஒரு சாண் கீழே.
பிள்ளைகளின் உயரத்தை
நிலைப்படியில் குறித்துவைப்பவர்களின்
அதே பொறுமையான கையெழுத்து.

'ஞாயிறுதோறும் பார்ப்பேன்' என்றார்.
'முதலிலேயே சொல்லியிருக்கலாம்' என்றான் யோகன்.
'அலமாரியை நகர்த்தச் சொல்லி
இதுவரை யாரும் கேட்கவில்லை.'

கோனசீலனின் அறிக்கை பதினொரு பக்கம்.
பத்துப் பக்கம் எனக்குப் புரியவில்லை.
கடைசியில் கையால் எழுதியிருந்தார்:
மழையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

செவ்வாய்க்கிழமை பிடித்துக்கொண்டது மழை.
எதிர்சாரியில் காரை நிறுத்தி
பிளாஸ்கில் டீ, மடியில் மிக்சர்,
எஞ்சினை அணைத்துவிட்டு
வைப்பரை மட்டும் ஓடவிட்டு உட்கார்ந்திருந்தோம்.
இருபது நிமிடத்தில்
பாதுகாப்புக் கம்பெனி வண்டி வந்து நின்றது.
தெருவில் யாரோ போன் செய்துவிட்டார்கள்:
வெள்ளைக் கொரோலா, இரண்டு பேர்,
ஒரே வீட்டை வெறித்துப் பார்க்கிறார்கள்.

காவலர் கண்ணாடியைத் தட்டினார்.
'என்ன பார்க்கிறீர்கள்?'
'தண்ணீர் எங்கே போகிறது என்று.'
தொப்பி விளிம்பு சொட்டச் சொட்ட
அவரும் திரும்பிப் பார்த்தார்.
கொஞ்ச நேரம் மூன்று பேரும் பார்த்தோம்.
'அந்த மூலைக் குழாயில்,' என்றார் அவர்,
'முழங்கையைக் காணோம்.'

கூரைத் தண்ணீர் முழுவதும்
இடுப்பளவில் அறுந்துநின்ற குழாயிலிருந்து
தெற்கு மூலையின் காலடியில் கொட்டிக்கொண்டிருந்தது.
மண் குழைந்து, சிவந்து,
எங்கள் டயர் வரை வந்தது.
உள்ளே விளக்கு எரிந்தது.
திரைச்சீலையில் ஒரு நிழல் குனிந்து
எதையோ அளந்தது.

நாற்பதாயிரம் குறைக்கச் சொல்லலாம் என்றான் யோகன்.
குழாய் முழங்கை நூற்றுப் பத்து ராண்ட்
என்றேன் நான்.
'அவரிடம் சொல்ல வேண்டாமா?'
மிக்சரில் கடலையைத் தேடிக்கொண்டே சொன்னான்:
'கேட்டால் சொல்வோம்.'
நானும் ஒரு கடலை எடுத்துக்கொண்டேன்.

சாவியைத் திருப்பினான். பேட்டரி செத்திருந்தது.
காவலர் சிரித்துக்கொண்டே பின்னால் போய்
பூட்ஸ் காலை ஊன்றித் தள்ளினார்.
சரிவுதானே,
சுலபமாகவே இறங்கினோம்.