காலி எடை

சாத்தாங்காடு தாண்டி, மணலி சாலையின் இடப்புறம்,
அறுபது டன் எடைமேடையில்
இரவு ஷிப்ட் எனக்கு.
சரக்கோடு ஏறும் லாரிக்கு ஒரு சீட்டு,
இறக்கிவிட்டுத் திரும்பினால் இன்னொன்று.
முன்னதில் பின்னதைக் கழித்தால் நிகரம்.
பதினேழு வருஷமாக
இந்த ஒரு கழித்தலில்தான் சோறு.

அதில் பதினாலு வருஷம்
இன்னொரு கணக்கும் ஓடியது.
தண்டையார்பேட்டையில் அப்பா விட்டுப்போன
முக்கால் கிரவுண்டு,
ஒரு கிணறு, ஒரு முருங்கை,
மாடிப்படிக்குக் கீழே மீட்டர் பெட்டி.
தம்பி எத்திராஜ் உள்ளே, நான் வெளியே,
நடுவில் சிவில் கோர்ட்டு.

வாய்தாவுக்கு வாய்தா
பாரிமுனையில் இறங்கி நடந்திருக்கிறேன்.
கேஸ் கட்டு கனத்துக்கொண்டே போனது.
ஒருநாள், சும்மா, யாரும் இல்லாத நேரம்
அதை மேடையில் வைத்துவிட்டு விலகி நின்றேன்.
லாரி நிறுக்கும் யந்திரம்
காகிதத்தை மதிக்கவில்லை.
பூஜ்யம் என்றது.
அன்றைக்கு நான் சிரிக்கவில்லை.

ஆடி மாசம் வாபஸ் வாங்கினேன்.
ஏன் என்று வக்கீல் வரதராஜுலு கேட்டார்.
முந்தின இரவு கனவில்கூட
அளவு நாடா பிடித்திருந்தேன்;
விழித்தபோது விரல்கள் இறுக மூடியிருந்தன,
உள்ளே ஒன்றுமில்லை.
இதைக் கோர்ட்டில் எப்படிச் சொல்வது?
‘வாதிக்கு மேற்கொண்டு நடத்த விருப்பமில்லை’
என்று அவரே எழுதிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் ராயபுரத்திலிருந்து
காசிமேடு ஐஸ் ஃபேக்டரி வரைக்கும்
கடலோரமாகவே நடந்தேன்.
உடம்பு லேசாக இருந்தது.
ஐஸ் உடைக்கிற சத்தம்கூட மணி மாதிரி கேட்டது.
இனி நான் காலி வண்டி என்று
மீன்வாடைக் காற்றிடம் சொல்லிக்கொண்டேன்.

மறுவாரம் வந்தது ஒரு வண்டி,
நெல்லூர் பதிவு, சுப்பாராயுடு ஓட்டுவது.
காலி எடை பன்னிரண்டாயிரத்து நானூற்று எண்பது,
எனக்கு மனப்பாடம்.
அன்று ஐநூற்று நாற்பது காட்டியது.
அறுபது கிலோ அதிகம்.
டார்ச் அடித்தேன். தார்ப்பாயில் மழைநீர் இல்லை,
ஜாக்கி பழையது, ஸ்டெப்னி ஒன்றே.
“ஏமீ லேது நாய்னா, காலி வண்டிதா.”
கேபின் கூரைமேல் ஏறிப் பார்த்தால்
கிளீனர் பையன்,
கயிற்றுச் சுருளைத் தலைக்கு வைத்து,
வாய் திறந்து,
அப்படி ஒரு தூக்கம்.

சீட்டில் என்ன எழுதினேன் என்பது இருக்கட்டும்.
அந்த அறுபது கிலோ என்னோடு வீட்டுக்கு வந்தது.
கொருக்குப்பேட்டை கேட்டில் நிற்கும்போது
கூட்ஸ் போகப் போக, பெட்டி பெட்டியாகத் தெரிந்தது:
எத்திராஜ் ஒரு வார்த்தை பேசுவான் என்று
போனைத் தலைமாட்டில் வைத்துப் படுப்பது;
டீக்கடையில், கேட்காதவர்களிடமும்,
“போனாப் போவுது, தம்பிதானே” என்று
சத்தமாகச் சொல்வது;
சொல்லும்போது என் முகம்
எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்ப்பது.
வீட்டை விட்டாயிற்று.
விட்டவன் மட்டும் கூரைமேல்
கால் நீட்டித் தூங்குகிறான்.
அவனுக்கு நான்தான் டிரைவர்.

எழுப்பவா, தள்ளிவிடவா?
தள்ளினால், தள்ளியவன் ஒருவன் ஏறிக்கொள்வான்.
இந்தக் கணக்கு எனக்குக் கழிக்கத் தெரியாது.

வேலையில் மட்டும் ஒன்று தெரியும்.
எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று அடித்தால்
வெறும் மேடையும் பத்து காட்டும், இருபது காட்டும்,
கழித்தல் பத்துகூடக் காட்டும்.
பூஜ்யம் தானாக நிற்காது.
ஷிப்ட் ஏறியதும் ஒருமுறை,
மழை விட்டால் ஒருமுறை,
சேறு கழுவினால் ஒருமுறை
அந்தப் பட்டனை அழுத்தவேண்டும்.
பெரிய ஞானமில்லை. விரல்தான்.

இன்றிரவு சுத்திகரிப்பு ஆலையின் தீ
புகைபோக்கி உச்சியில் தாழ எரிகிறது.
போனை வீட்டிலேயே மறந்துவிட்டேன்;
மறந்தது தெரிந்ததே இப்போதுதான்.
மணி மூன்று. வண்டி இல்லை.
தெருநாய் ஒன்று மேடையின் நடுவில் வந்து சுருண்டது.
இருபது.
அது எழுந்து போகிறபோது போகட்டும் என்று
பட்டனில் வைத்த விரலை எடுத்தேன்.