கணவாய்க்கு எந்தப் பக்கம்

வங்கி திறந்த அன்று
கண்ணாடிக் கதவில் வந்து முட்டியது ஒரு கிடா,
உள்ளே இன்னொரு கிடா நிற்கிறதென்று.
எல்லோரும் சிரித்தோம்.
மேலாளர் அதைப் படமெடுத்து
உலான்பாட்டருக்கு அனுப்பினார்.

நான் கடன் பிரிவு.
கால்நடைக் கணக்குத் தாளைப் பார்த்து
யாரை எவ்வளவு நம்பலாம் என்று
ஒரு கட்டத்துக்குள் எழுதுவது என் வேலை.

லுவ்சான்தோர்ஜுக்கு ஆயிரத்து நானூறு உருப்படி.
அவர் வந்தால் பின்னாலேயே தேநீர் வரும்.
மாத வட்டி ஒன்று.
வாங்கிய கடனில் தலைநகரில் ஒரு வீடு;
அதன் வாடகையே தவணையைக் கட்டுகிறது.
கடன் அவருக்குப் பழகிய குதிரை.
ஏறி உட்கார்ந்தால் போதும்.

ஸெவெல்மாவுக்கு எழுபத்தெட்டு.
மாத வட்டி இரண்டு, அதன்மேல் கொஞ்சம்.
ஏன் என்று கேட்டாள்.
ஆபத்து அதிகம் என்றேன்.
"யாருக்கு?"
படிவத்தில் அதற்கு இடமில்லை.

பொய் சொல்லக் கூடாது.
வங்கி வருமுன்
குளிர்காலத்தில் ஒரு மூட்டை மாவு தந்துவிட்டு
வசந்தத்தில் மூன்று கிலோ காஷ்மீர் ரோமம்
வாரிக்கொண்டு போவான் வியாபாரி.
அவன் இப்போது வருவதில்லை.
என் தங்கை பல்மருத்துவம் படிக்கிறாள்,
இதே கிளையின் கடனில்.
தூல்மா தன் ஓய்வூதியத்தை
மெத்தைக்கடியில் வைக்காமல் இங்கே போடுகிறாள்.
(லுவ்சான்தோர்ஜின் வைக்கோல் லாரியில் இரண்டு டயராவது
அவளுடையதாக இருக்கும்.
அவளுக்குத் தெரியாது.
சொன்னால் ஒருவேளை பெருமைப்படுவாள்.)

பிறகு ஸூத் வந்தது.
பனி உருகி, மறுபடி உறைந்து,
புல்லின்மேல் பூட்டுப் போட்ட குளிர்காலம்.
விலங்குகள் நின்றபடியே செத்தன.
ஆயிரத்து நானூறு ஆயிரத்து இருநூறானது.
எழுபத்தெட்டு பத்தொன்பதானது.
தவணைத் தேதி மட்டும்
ஒரு நாளும் மெலியவில்லை.

அந்தப் பத்தொன்பதையும்
குளிர்காலப் பட்டியையும் அவரே வாங்கிக்கொண்டார்.
விலையில் அநியாயம் இல்லை,
அன்றைய சந்தை விலைதான்.
ஸெவெல்மா இப்போது அவருடைய ஆடுகளை மேய்க்கிறாள்.
சம்பளம் எங்கள் கிளைக்கே வருகிறது.
ஆண்டறிக்கையில் அவள்
ஒரு புதிய கணக்கு.

பயிற்சிக்காகத் தலைநகர் போனேன்.
வெள்ளைப் பலகையில் ஒரு கோடு வரைந்தார்கள்:
நிதி வளர வளர
ஏற்றத்தாழ்வு முதலில் ஏறும்,
உச்சி தொடும், பிறகு இறங்கும்.
அழகான மலை.
நான் அதைக் கைப்பேசியில் எடுத்து வந்தேன்.

ஏன் காட்டினேனோ,
மாதக் கடைசியில் வரிசையில் நின்ற
ஸெவெல்மாவிடம் காட்டினேன்.
கையுறையைக் கழற்றி
இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.
கணவாயில் ஓவோ இருக்கும், தெரியுமல்லவா,
வழிப்போக்கர்கள் கல் போட்டுக் குவித்த மேடு;
அந்த உச்சியில் அதைத் தேடுகிறவள்போல
வெகுநேரம் பார்த்தாள்.

"நாம் இதில் எந்தப் பக்கம்?"

தெரியாது என்றேன்.
ஒரு கோட்டில் ஆண்டு எழுதியிருக்கவில்லை.
எழுதியிருந்தாலும்
அவளுக்கு வயது ஐம்பத்தாறு.

பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.
கதவைத் தள்ளும்போது
கண்ணாடியில் ஒரு கணம் நின்று
தொப்பியைச் சரிசெய்துகொண்டாள்.

அடுத்தவர், என்றேன்.