சிவப்பு நூல்

ஹல், மே 1941

ராத்திரி எங்கே விழுந்தது என்று
காலையில் துணியே சொல்லிவிடும்.
ரயிலடித் தெரு மூட்டையில் செங்கல் தூள்.
துறைமுகப் பக்கம் என்றால்
தீய்ந்த கோதுமை வாடை.

இன்று கொதிகலன் சூடேற ஒன்பதாகிவிட்டது.
தண்ணீர் வந்ததே பெரிது.
மேபெல் ஜன்னல் சில்லுகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு
கையோடு கஞ்சி கரைத்தாள்.

வானொலி எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வதில்லை.
"வடகிழக்கில் ஒரு கடலோர நகரம்" என்கிறது,
கடன்கொடுத்தவனைக் கண்டதும்
பெயர் மறந்தவனைப் போல.

பத்தரைக்கு வார்டன் வந்தார்.
உறையிலிருந்து ஒரு காலர் துண்டை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
உள்மடிப்பில், சிவப்பு நூலில்,
என் தையல்:
417.

பேரேட்டைத் திறக்கத் தேவையில்லை.
வாரம் இரண்டு சட்டை. கஞ்சி குறைவாக,
கழுத்து அரிக்கிறதாம்.
பாக்கி ஒன்பது பென்ஸ்.
ஆனாலும் திறந்தேன்.
விரலை வரிசையில் மெல்ல இறக்கினேன்.
அவர் அவசரப்படுத்தவில்லை.

"லெனர்ட் ஸ்டாதர்ஸ்."

எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார்.
சொன்னேன்.
பென்சிலை நாக்கில் தொட்டு எழுதிக்கொண்டார்.

மற்றொரு சட்டை
வெள்ளிக்கிழமைக் கட்டில் இருக்கிறது,
இஸ்திரி போட்டு,
பொத்தான் ஒன்று மாற்றி.
அதற்கு இரண்டு பென்ஸ் நான் இன்னும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்,
ஊசியில் சிவப்பு நூல் கோத்தேன்.
என் உள்பாவாடை ஓரத்தில்
எண் வேண்டாம் என்று தோன்றியது.
ஐவி ப்ளென்கின் என்று முழுசாகவே தைத்தேன்.

கடைசி எழுத்துக்குச் சங்கு ஊதிவிட்டது.
ஊசி தொங்கத் தொங்க
படியிறங்கினேன்.