பதினாலாவது டேக்

தண்டவாளத்திலை வழுக்கிக்கொண்டு போகுது கமரா.
கொக்குவிலிலை ஒரு மாடி அறை,
இரண்டு ஃபான், அதிலை ஒண்டு சத்தத்துக்கு மட்டும்.
திரையிலை பனி நகரம்.
கறுத்தக் கம்பளி போர்த்த ஒருத்தன்
மலை விளிம்பிலை நிக்கிறான்.
அவனை ஒருக்கா வளைச்சுப் பாக்க வேணும்,
பன்ரண்டு செக்கன்.

முப்பத்தைஞ்சு லென்ஸ். ஃபோக்கஸ் அவன்ர இமையிலை.
பின்னாலை கோபுரங்கள்
வெயிலிலை வச்ச பட்டர் மாதிரிக் கரையுது.
எடையில்லாத கமரா இது.
சுவருக்குள்ளாலை போகும், நிழல் விழாது,
மாடிப்படி ஏறினாலும் மூச்சு வாங்காது.

ஒஸ்லோவிலையிருந்து பதில் வந்தது:
வடிவாத்தான் இருக்கு.
ஆனா ஒருத்தரும் பாக்கிற மாதிரி இல்லை.

றெஜினோல்ட் நடுக்கம் சேர்த்தான்.
தசம் இரண்டு. தசம் நாலு.
தசம் ஏழிலை கமராவுக்கு மலேரியா.
"கணக்குப் போட்டு நடுங்குது மச்சான்,
இது கள்ளக் கை."

அதாலைதான் ஃபோனைத் தூக்கிக்கொண்டு
மொட்டைமாடிக்குப் போனன்.
ஃபோன் அசைஞ்சால் பனிக்குள்ளை கமரா அசையும்,
அவ்வளவுதான் விசயம்.
பதின்மூண்டு டேக்.
பதின்மூண்டும் படமெடுக்கிறவன்ர நடை.
அவன் எங்கை நிக்கிறான் எண்டு
என்ர காலுக்கு முதலே தெரியும்.

"என்ன தம்பி, எங்கட வளவையோ படம் எடுக்கிறீர்?"

மதிலுக்கு அங்காலை சிவதாரணி அக்கா.
ஆஸ்பத்திரியிலை இரவு வேலை,
பகலிலை நித்திரையும் இல்லை.
கையிலை பிழியாத பெட்சீற்.

இல்லையக்கா, இது ஒண்டையும் எடுக்காது,
கை போற போக்கை மட்டும்தான் எடுக்கும் எண்டன்.
நம்பேல்லை.
நியாயம்தான்.
மேலையிருந்து பாக்கிறதுகளை
இந்த ஊரிலை ஆரும் சும்மா நம்பிறேல்லை.

இறங்கிப் போய் மதிலாலை ஃபோனைக் குடுத்தன்.
பதிவு ஓடிக்கொண்டிருந்ததை
அந்தரத்திலை மறந்துபோனன்.

"ஐயோ, என்ர கிணறு எங்கை?"
கிணறு இருந்த இடத்திலை பாதாளம்.
உடுப்புக் கொடியிருந்த பக்கம் ஒரு உடைஞ்ச பாலம்.
இரண்டடி வச்சா.
வெறும் பனியிலை
ஒண்டுமில்லாத ஒண்டைச் சுத்தி விலகிப் போச்சுது கமரா:
அவவின்ர முத்தத்திலை கிடந்த பேசின்.

"ஆர் இவர், இந்தக் குளிருக்கை?"
கிட்டப் போனா.
பிறகு அரை அடி பின்னுக்கு வந்தா,
தெரியாத ஆம்பிளையின்ர முகத்துக்கு
எவ்வளவு கிட்டப் போகலாம் எண்டு
ஒரு அளவு இருக்குத்தானே.

அந்த நேரம் ஒழுங்கை முனையிலை
பள்ளிக்கூட வானின்ர ஹோர்ன்.

கமரா மலைக்காரனை அப்பிடியே விட்டிட்டு
வெட்டித் திரும்பினது.
பனி. மூடின வெள்ளை.
ஒருத்தரும் இல்லாத ஒரு மூலை.
அதைப் பாத்துக்கொண்டு நிண்டது.
ஒரு செக்கன், இரண்டு, நாலு.
பிறகு மெல்லக் கீழை பதிஞ்சது,
வாற ஆள் சின்ன ஆள் எண்ட மாதிரி.

"இந்தாரும் தம்பி" எண்டு
ஃபோனை மதிலிலை வச்சிட்டு
கேற்றுக்கு ஓடினா.
அதோடை டேக் முடியுது:
வானத்தைப் பாத்தபடி கமரா,
பக்கத்திலை ஆரோ பெட்சீற் உதறின காத்து,
அது பதிவாகேல்லை.

இரவு வளைகோட்டுத் திரையிலை திறந்து பாத்தன்.
திரும்பினது செங்குத்தாய் ஒரு கோடு.
காத்து நிண்டது கிடையாய் ஒரு கோடு,
அதிலை மயிரளவு துடிப்பு.
மென்மையாக்கும் பொத்தான் பக்கத்திலைதான்.
ஒரு தட்டு, எல்லாம் பட்டாய்ப் போகும்.

தட்டேல்லை. அனுப்பிவிட்டன்.

விடிய பதில்:
இதுதான். இதைத் தொடாதேங்கோ.
ஆனா அந்த மூலையிலை ஆர் வருகினம்?

இப்ப ஒஸ்லோவிலை அதுக்கு ஒரு கூட்டம்.
ஓநாய் எண்டு ஒருத்தர்,
செத்துப்போன தம்பி எண்டு இன்னொருத்தர்.
நான் ஒண்டும் எழுதேல்லை.
கழுத்திலை தண்ணிப் போத்தில் ஆட,
ஒரு சப்பாத்து நாடா அவிண்டபடி
ஒரு பொடிச்சி பனிக்குள்ளாலை ஓடிவாறதை
என்னெண்டு விளங்கப்படுத்துறது?

றெஜினோல்ட் கேக்கிறான்,
அந்த மூலைக்கு வெளிச்சம் வைக்கட்டோ எண்டு.